பதினேழாம் எண் மரம்

எங்கள் ஏரிக்கு வருகிற மார்ச்சில் நூற்று நாற்பது வயது நிறைகிறதாம். நகரசபையில் நினைவு மலர் போடுகிறார்கள். மலர்க்குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "முப்பத்தொம்பது வருஷம் அந்தப் பூங்காவுல குப்பை கொட்டியிருக்கீங்க, ஏரியோட வரலாற ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். நிஜமாகவே குப்பைதான் கொட்டினேன் என்பதால் கோபித்துக்கொள்ள வழியில்லை. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

எழுத உட்கார்ந்தால் வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மெரிங்கல் ஊருக்கு மேற்கே ஒரு சதுப்பு நிலம் இருந்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாக அங்கே வாத்தும் விலாங்கும் பிடித்தார்கள். பிறகு எங்கள் வெள்ளைக்கார ஆட்கள் வந்து, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், கரை கட்டி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டு, ஏரி என்று பெயர் வைத்தார்கள். தெற்குக் கரையில் வாத்தியம் வாசிக்கிற மேடையாக பேண்ட் ஸ்டாண்டு கட்டினார்கள். கிழக்குக் கரையில் நீண்ட புகைபோக்கியோடு பம்பு ஹவுஸ் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் படகுப் போட்டி நடக்கும், யாராவது குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுவார்கள். கறுப்பு அன்னங்கள் வரும், போகும். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த மிச்ச வரலாறெல்லாம் யூனா பாஸ்கோ என்ற ஒரு பெண்மணியைப் பற்றியது. அதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது. மலருக்கு வேண்டாமென்றால் போகட்டும், எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் மரங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் அறுபத்து நான்கு பையன்கள் போய்த் திரும்பவில்லை. நியூ கினியா, பர்மா, லிபியா என்று ஒவ்வொருவனும் ஒவ்வொரு மண்ணில் கிடந்தான். 1947இல் ஏரியைச் சுற்றி ஆளுக்கொரு எல்ம் மரக்கன்று நட்டார்கள். கன்றின் பக்கத்தில் ஒரு மரக்கட்டை, அதில் எண்ணும் பெயரும் பொறித்த வெண்கலத் தகடு. உடம்பு வந்து சேராத வீடுகளுக்கு அந்த மரம்தான் கல்லறை. அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருப்பார்களாம். நான் இந்த ஊருக்கு வந்தபோது அந்த அம்மாக்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. மரங்கள் மட்டும் நின்றன, எல்லாம் ஒரே சாதி, ஒரே உயரம்.

நான் இந்த விக்டோரியா மாநிலத்துக்காரன் இல்லை. மாநில எல்லையான மர்ரே ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ சவுத் வேல்ஸில், இன்னும் பல மணி நேரம் வடக்கே இருக்கிறது என் ஊர். 1981இல், இருபத்து நான்கு வயதில், நகரசபைப் பூங்கா வேலைக்கு வந்தேன். வந்த அன்றே எனக்கு 'அக்கரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஃபோர்மேன் ஆர்ச் டன்லி, பெரிய தொப்பைக்காரர், என்னை நெவில் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் ஏரியைச் சுற்றி நடந்தால்கூடக் கேலிதான். ஊரே ஒரு பக்கம் நடக்கும், நான் எதிர்ப்பக்கம் நடப்பேன், எல்லார் முகமும் எனக்கு எதிரே வரும். "அக்கரை தலைகீழாத்தான் நடப்பான்" என்று ஆர்ச் சொல்வார். எனக்கு அது ஏனென்று அப்போது உறைக்கவில்லை.

நான் செய்த தப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரிய இருபத்தேழு வருஷம் ஆனது, நீங்களும் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். விக்டோரியாவில் பந்தயக் குதிரைகள் இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராக ஓடும். எங்கள் பக்கம் வலமாக, முள் போகிற திசையில் ஓடும். மெரிங்கல்காரர்கள் ஏரியைச் சுற்றுவதும், ஊர்வலம் போவதும், மரத்தை எண்ணுவதும் எல்லாமே அவர்களுடைய குதிரைகள் ஓடுகிற மாதிரி இடமாகத்தான். 1982இல் கறையான் தின்ற கட்டைகளை எடுத்துவிட்டு சிமெண்ட் கல் வைத்து, தகடுகளைத் துலக்கித் திரும்பப் பதிக்கும் வேலையை ஆர்ச் என்னிடம் தள்ளினார். ஒரு பட்டியலையும் கொடுத்தார். 'பேண்ட் ஸ்டாண்டிலிருந்து தொடங்குக' என்று அதில் இருந்தது. எந்தப் பக்கமாக என்று இல்லை. இந்த ஊரில் அதை யார் எழுதுவார்கள்? நான் ஒன்றாம் எண்ணைக் கையில் எடுத்தேன், பேண்ட் ஸ்டாண்டில் ஏரியைப் பார்த்து நின்றேன், எங்கள் ஊர்க் குதிரை மாதிரி வலம் வரத் தொடங்கினேன். நான்கு நாளில் அறுபத்து நான்கையும் பதித்து முடித்தேன். ஒன்றுகூடக் கோணலாக இல்லை என்று ஆர்ச் பாராட்டினார். அறுபத்து நான்கு பேரும் இடம் மாறியிருந்தார்கள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஒருவர் கண்டுபிடித்தார். ஹெக் பார்லோ என்ற கிழவர் பூங்கா ஷெட்டுக்கே வந்து, தன் மாமன் மகன் மரம் படகு வீட்டுக்கு எதிரே இருந்தது, இப்போது எங்கேயோ போயிருக்கிறது என்று நின்றார். படைவீரர் சங்கத்தில் பகலிலேயே பீர் குடிக்கிறவர் அவர். ஆர்ச் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அதுக்குக் கால் மரத்துப்போயிருக்கும் ஹெக், கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்" என்றார். ஷெட்டே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது நான். அந்தக் கிழவர் பிறகு வரவில்லை, மறு வருஷம் செத்துப்போனார். அன்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

யூனா பாஸ்கோ வந்தது நான் தகடு பதித்ததற்கு அடுத்த குளிர்காலம். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உருவம், பழுப்பு நிறக் கோட்டு, கையில் மடக்கு நாற்காலி. பேண்ட் ஸ்டாண்டில் இலை கூட்டிக்கொண்டிருந்த என்னிடம், பதினேழாம் எண் எங்கே என்று கேட்டார். கூட்டுமாற்றைப் போட்டுவிட்டு நானே கூட நடந்தேன். மேற்குக் கரையில், 'கிளெம் பாஸ்கோ, வயது 20' என்று தகடு இருந்த மரத்தடியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் மரத்தைத் தொடவில்லை, அழவில்லை. நாற்காலியை விரித்து உட்கார்ந்து, "சரி, வந்துட்டேன்" என்றார். அது எனக்குச் சொன்னதில்லை என்று புரிந்ததால் நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அண்ணன் நியூ கினியாவில் செத்தபோது யூனாவுக்கு இரண்டு வயது. அண்ணனின் முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை. மரம் நட்ட மறு வருஷம் அப்பாவுக்கு வேலை போய், குடும்பம் கீலாங் பக்கம் குடிபெயர்ந்தது. அம்மாவுக்கு அந்த மரத்தை விட்டுவந்தது கடைசிவரை ஆறவில்லை. யூனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தார். கல்யாணம் என்று ஒன்று பேச்சளவில் வந்து போனது. அப்பா போனார், அம்மா போனார், எக்ஸ்சேஞ்சில் மெஷின் வந்து வேலையும் போனது. எங்கே போவது என்று யோசித்தபோது, இந்த உலகத்தில் தன் ஆள் என்று ஒருவன் இருக்கிற ஊர் இது ஒன்றுதான் என்று பட்டதாம். மெரிங்கல் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டுக்கு ஆள் எடுத்தார்கள். வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேற்குக் கரையில் அந்த மடக்கு நாற்காலி இருக்கும். கிளெம் மெரிங்கல் அணியின் தடுப்பாட்டக்காரன், கால்பந்து என்றால் உயிர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். யூனாவுக்கோ பந்தில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பேப்பரை விரித்துச் சனிக்கிழமை ஆட்டங்களின் ஸ்கோரை ஒன்றுவிடாமல் படிப்பார். "மெரிங்கல் பதினாலு கோல், ஒம்போது பாயிண்ட்." இந்த ஊர்க் கால்பந்தில் கோலும் உண்டு, கொஞ்சம் குறி தப்பினால் பாயிண்டும் உண்டு. டெலிபோனில் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் அறுத்துப் படிப்பார். அது முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசத் தொடங்குவார். அப்போது நான் புல்வெட்டும் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டமாட்டேன். ஊரில் அவரைப் பற்றிச் சிரித்தவர்கள் உண்டு. மரத்தோடு குடித்தனம் நடத்துகிற அம்மா என்பார்கள். அவருக்கும் தெரியும். "ஆஸ்பத்திரியில நாள் பூரா பேசறேன், நெவில். அத்தனையும் 'ஒரு நிமிஷம் இருங்க'தான். இங்க வந்தாத்தான் மிச்ச வார்த்தை வெளிய வருது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அக்கரை என்று கூப்பிடாமல் நெவில் என்று கூப்பிட்ட ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். நான் கடைசிவரை மிஸ் பாஸ்கோ என்றுதான் கூப்பிட்டேன். நடுவில் எனக்கு ஒரு பெண்டாட்டி வந்தாள், ஐந்து வருஷத்தில் போனாள். அவள் கிளம்பிப் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யூனா என்னைப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல், டப்பாவிலிருந்து ஒரு துண்டு பழக்கேக்கை எடுத்து நீட்டினார். நின்றபடியே தின்றேன்.

பிறகு பெரும் வறட்சி வந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷம் பிழிந்தது. ஏரி முதலில் சேறானது, பிறகு வெடித்தது, பிறகு புல் முளைத்து, ஒரு கோடையில் அந்தப் புல்லும் தீப்பற்றி எரிந்தது. ஏரி எரிந்ததைப் பார்த்த பூங்காக்காரன் நான். நூறு வருஷமாகத் தண்ணீருக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. சைக்கிள், குழந்தை வண்டி, பல்செட்டு, பேண்ட் வாத்தியக் குழாய் ஒன்று. அன்னங்கள் வரவில்லை. படகு வீட்டைப் பூட்டினார்கள். காற்று வாங்க வந்தவர்களும் நின்றுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெரிய வெற்றுப் பள்ளத்தின் விளிம்பில் யூனாவின் நாற்காலி மட்டும் இருக்கும்.

2009இல் மெல்போர்னிலிருந்து மரம் பார்க்கிற நிபுணர் ஒருவர் வந்தார். மேற்குக் கரைக்குச் சாயங்கால வெயில் நேராக அடிக்கும், அங்கேதான் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. ஆறு மரம் பட்டுப்போய்விட்டது, கிளை ஒடிந்து யார் தலையிலாவது விழும் என்று சொல்லி, ரோஸ் நிறச் சாயத்தால் ஆறிலும் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். ஆறில் ஒன்று யூனாவின் மரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கோர் படிக்கவில்லை. குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நெவில், இவனைக் காப்பாத்திக் குடுப்பியா?"

பாத்துக்கறேன் மிஸ் பாஸ்கோ என்றேன். வேறு என்ன சொல்வது? அவருக்கு அறுபத்தாறு வயது. அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வாரத்தில் அவர் வாயைத் திறந்து பேசுகிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

நகரசபையில் கெஞ்சினேன். பழைய காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவா, பாரம்பரிய மரம் என்று நிரூபித்தால் தள்ளிப்போடலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வெட்டு. வெள்ளிக்கிழமை மதியம் பொருள் கிடங்கில் ஏறி இறங்கி, ஒரு தகரப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். மரம் நட்ட நாளின் பதிவேடும் போட்டோக்களும் இருந்தன. பதினேழாவது போட்டோவின் பின்னால், 'கிளெம் பாஸ்கோவின் மரம், தாயும் தங்கையும்' என்று எழுதியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுச் சிறுமி, நடுவில் குச்சி மாதிரி ஒரு கன்று. மூவருக்கும் பின்னால் பம்பு ஹவுஸின் புகைபோக்கி.

பம்பு ஹவுஸ் இருப்பது கிழக்குக் கரையில். யூனா உட்கார்வது மேற்குக் கரையில்.

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து ஏரிக்குப் போனேன். பேண்ட் ஸ்டாண்டில் நின்று, முதல் தடவையாக ஊர்க்காரர்கள் மாதிரி இடமாகச் சுற்றி நடந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினேழில் பம்பு ஹவுஸ் வந்துவிட்டது. அங்கே இருந்த மரம் பச்சைப்பசேல் என்று நின்றது. பழைய குழாய் ஒன்று அத்தனை வருஷமாக அதன் வேருக்குக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் காலடியில் என் கையால் பதித்த தகடு, ஒரு நூல்கூடக் கோணாமல், '48. நெட் டிராண்டர், வயது 19' என்றது. என்னால் பதினேழும் நாற்பத்தெட்டும் கரை மாறியிருந்தன. ஹெக் பார்லோ கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

இதில் என் முட்டாள்தனத்தின் இரண்டாம் பாகம் என்ன தெரியுமா? சந்தோஷப்பட்டேன். அவமானம் ஒரு பக்கம் கொன்றாலும், யூனாவின் அண்ணன் மரம் சாகவில்லை, எதிர்க்கரையில் குத்துக்கல் மாதிரி நிற்கிறது, இதைவிட நல்ல சேதி உண்டா என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அவருடைய சின்னப் பலகை வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். தகடு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். குதிரை இடமாக ஓடுவது, வலமாக ஓடுவது எல்லாம் சொன்னேன். கடைசியில் போட்டோவை மேசையில் வைத்து, "உங்க அண்ணன் பிழைச்சுட்டாரு, மிஸ் பாஸ்கோ" என்றேன்.

போட்டோவை வெகுநேரம் பார்த்தார். அம்மாவை இத்தனை இளமையாகத் தான் பார்த்ததே இல்லை என்றார். சிறுமியின் மேல் விரலை வைத்து எடுத்தார். கோப்பையில் டீ ஆடை கட்டியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷம் நான் யாரோட பேசிட்டு இருந்தேன்?"

நெட் டிராண்டர் என்று ஒரு பையன் என்றேன். அனாதை விடுதியிலிருந்து பால் பண்ணை வேலைக்கு இங்கே அனுப்பப்பட்டவன், பதிவேட்டில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று இருக்கிறது, அவன் கன்றை நகரசபை ஆளே நட்டிருக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். எனக்கு வாய் நிற்கவில்லை. அவர் கை காட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா செத்ததை அவன்கிட்டதான் சொன்னேனா? அம்மா கடைசில என்ன சொன்னாங்கன்னு... அதையும் அவன்கிட்டயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீதானே என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டே."

"ஆமா மிஸ் பாஸ்கோ."

"போயிடு, நெவில்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரை ஆனது, பதினொன்று ஆனது, நாற்காலி வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட அவர் தவறியதில்லை. என் கையிலிருந்த போட்டோ எதிர்க்கரை மரத்துக்குத்தான் சாட்சி என்பதால், செவ்வாய்க்கிழமை மேற்குக் கரையில் ஆறு மரங்களையும் வெட்டினோம். யூனா உட்கார்ந்த மரத்தின், அதாவது நெட்டின் நாற்பத்தெட்டாம் மரத்தின் கயிற்றை நான்தான் பிடித்தேன். உள்ளே பாதி உளுத்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவிடச் சொன்னேன்.

நகரசபையில் என் தப்பை எழுதிக் கொடுத்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன், போகவில்லை. மேலாளருக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வாரமே அறுபத்து நான்கு தகடுகளையும் பெயர்த்து, இடமாக நடந்து, அவரவர் இடத்தில் பதித்தேன். உள்ளூர்ப் பேப்பரில் அறிவிப்பு வந்தது. ஊர் கொந்தளிக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்றே கடிதம் வந்தது. ஒன்று ஹெக் பார்லோவின் மகளிடமிருந்து. 'அப்பா அன்றைக்கே சொன்னார்' என்ற ஒரு வரிதான் அதில் இருந்தது. அறுபத்து நான்கு பேர் இடம் மாறியும் கேட்க நாதியில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஐந்து வாரம் கழித்து யூனா வந்தார். நான் படகு வீட்டின் நிழலிலிருந்து பார்த்தேன். கிழக்குக் கரைக்குப் போனார், அண்ணனின் நிஜ மரத்தடியில் நாற்காலியை விரித்தார், பேப்பரைப் பிரித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். படிக்கவில்லை. நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார், அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார். புது ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேற்குக் கரையில் இருந்தார். வெட்டிய அடிமரத்துக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், நிழல் என்று ஒரு சொட்டு இல்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"அந்த மரத்துக்கு என்னைத் தெரியாது, நெவில். எனக்கும் அதைத் தெரியல. போய் உக்காந்தா என்ன பேசறதுன்னே வரல. சொந்த அண்ணன்தான். வெக்கமா இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இவனைப் பத்தித்தான் ராத்திரியெல்லாம் நெனச்சுட்டு இருந்தேன். பாவம், கால்பந்து பிடிக்குமோ பிடிக்காதோ, இருபத்தாறு வருஷம் ஸ்கோர் கேட்டே செத்திருப்பான். இவனுக்கும் யாரும் இல்ல. எனக்கும் யாரும் இல்ல. எங்கம்மா விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு இவன்தான். இவனை விட்டுட்டு எங்க போவேன்?"

அடிமரத்தின் வெட்டுமுகத்தைக் கையால் தட்டினார். பிறகு எதிர்க்கரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆனா கிளெம் தனியா இருக்கானே. அம்மா கேட்டா நான் என்ன சொல்ல? நீ போறியா, நெவில்? ஒண்ணும் பேச வேண்டாம். ஸ்கோர் மட்டும் படிச்சாப் போதும்."

பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். நான் அக்கரைக்காரன். எங்கள் பக்கத்துக் கால்பந்து வேறு, இவர்களுடையது வேறு, இவர்கள் விளையாடுவதை நான் விளையாட்டென்றே ஒத்துக்கொண்டதில்லை. போனேன். வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தேன். பம்பு ஹவுஸ் பக்கத்தில் நின்று, சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மெரிங்கல் எட்டு கோல், பதினொரு பாயிண்ட்" என்று படித்தேன். தோற்றிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அந்தக் கரையில் யூனா கையைத் தூக்கிக் காட்டினார்.

மறு வருஷம் செப்டம்பரில் மழை கொட்டி ஏரி நிரம்பியது. அன்னங்கள் வந்தன. நாற்பத்தெட்டின் அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து துளிர் கிளம்பியது. புல்வெட்டும் வண்டி அதன் பத்தடிக்குள் வரக்கூடாது என்று யூனா என்னிடம் ஆணையே போட்டுவிட்டார். ஏழு வருஷம், ஒரு கரையில் அவர், எதிர்க்கரையில் நான். முடித்துவிட்டு அவர் பக்கம் போவேன், கேக் கொடுப்பார், ஜெயித்தார்களா என்று கேட்பார். நெட்டிடம் என்ன பேசுகிறார் என்று நான் கேட்டதில்லை. அவருக்கு நிழல் தரும் அளவுக்கு அந்தத் துளிர் வளர்வதற்குள், 2017 ஜூலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், என்னோடு ஐந்து. நெருங்கிய உறவு யார் என்று சடங்கை நடத்திக் கொடுக்கிறவர் ஒரு படிவத்தை நீட்டிக் கேட்டார். 'எவருமில்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நெட் டிராண்டர் என்று எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு இப்போது அறுபத்தெட்டு. வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு முதலில் மேற்குக் கரைக்குப் போகிறேன். நெட்டின் துளிர் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. அவனிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. வந்துட்டேன்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, யூனாவின் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பேண்ட் ஸ்டாண்டு வழியாகக் கிழக்குக் கரைக்கு நடக்கிறேன். அது இடமாகச் சுற்றுகிற வழி, ஊரே போகிற வழி. முன்பெல்லாம் எல்லார் முகமும் எனக்கு எதிரே வரும். இப்போது முதுகுகள்தான் தெரிகின்றன. பம்பு ஹவுஸ் வந்ததும் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிளெமுக்கு ஸ்கோர் படிக்கிறேன். மெரிங்கல் தோற்ற வாரங்களில் கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறேன்.